தொப்பியில் ஏறிய பிச்சி

ஆப்பிரிக்காவில் இந்த நேட்டால் தேசத்துக்கு மாசி மாதம்தான் கோடையின் கடைசி. ஊரில் நீங்கள் பனிக்குத் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டிருக்க, இங்கே வெயில் மண்டையைப் பிளக்கிறது. என் வீட்டுக் கொல்லையில் பிச்சிப்பூ குலுங்குகிறது. ஆறு வருஷமாகியும் என் உடம்புக்கு இந்தக் கணக்குப் பிடிபடவில்லை. செடிக்கு முதல் வருஷமே பிடிபட்டுவிட்டது. பஞ்சாங்கம் பார்ப்பது அதன் வேலை இல்லையே.

பூவைவிடப் பெரிய அதிசயம் ஞாயிற்றுக்கிழமை கோயிலில். கிறிஸ்தவர்கள் நாங்கள்; வேதக்காரப் பெண்கள் தலையில் பூ வைப்பது அகங்காரம் என்று ஊரில் மிஷன் துரைசானிமார் சொன்னார்கள். நாங்களும் இரண்டு தலைமுறையாக வெறுங்கொண்டையோடு மோட்சத்துக்குத் தயாரானோம். என் மனைவிக்கு ஞானப்பூ என்று பெயர். பெயரில் மட்டும் பூவை அனுமதித்தார்கள். கப்பலேறி வந்து பார்த்தால், இங்குள்ள பாதிரியாரின் மனைவி தலையில் ஒரு தோட்டமே இருக்கிறது! ரோஜா, திராட்சைக் கொத்து, போதாததற்குச் செத்த குருவி ஒன்று. தொப்பியில் இருந்தால் பாவமில்லையாம். எங்கள் பெண்களுக்கு மட்டும் இங்கேயும் பழைய சட்டம்தான். நானோ மிஷன் பள்ளி வாத்தியார். மீறினால் மறுநாள் வேலை இருக்காது.

இந்தப் பிச்சி எங்கள் ஊர் ஏரலிலிருந்து வந்தது. ஞானப்பூவின் அம்மை, என் அத்தை, பதியனைத் தேங்காய்த் தும்பு நாரில் சுற்றிக் கொடுத்தனுப்பினாள். ஆனிச் சாரல் காற்று தொட்டதும் அவள் கொல்லையில் பிச்சி கூடை கூடையாக வரும். கட்டி அக்கம்பக்கத்துக்கெல்லாம் கொடுப்பாள். தெரு முழுக்க அவள் பூ மணக்கும், அவள் கொண்டையைத் தவிர. "ஒரு நாளைக்காவது வச்சுப் பாக்கணும்லா" என்று ஒருமுறை என் காதுபடச் சொன்னாள். கோயில் உபதேசியார் மகனான நான், "மோட்சத்துல வைக்கலாம் அத்தை" என்றேன். எவ்வளவு பெரிய மேதாவி, பாருங்கள்.

சீமையில் புது ராஜா பட்டத்துக்கு வந்த சமயம், தை மாதக் கப்பலில் அத்தை இறந்த கடிதம் வந்தது. ஞானப்பூ மூன்று நாள் பிச்சிச் செடியடியிலேயே உட்கார்ந்திருந்தாள். நாலாம் நாள், "அறுப்பின் பண்டிகைக்கு நான் பூ வச்சுத்தான் கோயிலுக்கு வருவேன்" என்றாள்.

"வேலை போயிரும்ட்டீ."

"அப்போ தொப்பியில வைக்கேன். அது பாவமில்லேல்லா?"

அறுவடைக்கு நன்றி சொல்லும் அந்தப் பண்டிகைக் காலையில் மொட்டுகளைப் பறித்து, நெருக்கமாகக் கட்டி, வைக்கோல் தொப்பி ஒன்றில் சுற்றித் தைத்துவிட்டாள். பிச்சி சாயங்காலம்தான் விரியும்; காலையில் வாசனையும் கிடையாது. சேலைக்கு மேலே தொப்பியைப் பார்த்து எனக்குச் சிரிப்பு முட்டியது. சங்கீதம் பாடிச் சமாளித்தேன்.

ஆராதனை முடிந்ததும் பாதிரியாரின் மனைவி நேரே எங்களிடம் வந்தாள். கையுறை போட்ட விரலால் மொட்டைத் தொட்டு, "எவ்வளவு அழகான வேலைப்பாடு! எந்தக் கடை?" என்று இங்கிலீஷில் கேட்டாள். தன்னுடையதைப் போல் இதுவும் துணிப்பூ என்று நினைத்துவிட்டாள். நிஜப்பூ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேலை போய்விடுமோ என்று நான் டவுனிலுள்ள ஒரு கடையின் பெயரைச் சொன்னேன்.

"துரைசானி என்ன கேக்குதா?" என்றாள் ஞானப்பூ.

"எந்தக் கடைன்னு."

"எங்கம்மை தந்த செடின்னு சொன்னீகளா?"

"வாட்டீ, வெயில் ஏறுது" என்று நான் முன்னால் நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் தையலைப் பிரித்தாள். சரத்துக்குத் தண்ணீர் தெளித்து வாழையிலையில் வைத்தாள். சாயங்கால ஆராதனைக்கு மணி அடித்தபோது மொட்டெல்லாம் விரிந்திருந்தது. கொண்டையில் சுற்றிக்கொண்டு, "மோட்சம் வரைக்கும் என்னால காத்திருக்க முடியாது. நீங்க வாரீகளா, இல்லையா?" என்றாள்.

வேலையை நினைத்து எனக்குப் பயம்தான். அதை மறைப்பானேன்? ஆனாலும் கிளம்பினேன். அவள் முன்னால் நடந்தாள். ஏரல் தெருவின் மணம் நேட்டால் தெருவில் போனது. கடைசி நிமிஷத்தில் அவள் மனம் மாறினால் மூடிக்கொள்ளட்டும் என்று அந்தத் தொப்பியை எடுத்துக்கொண்டு நான் பின்னால் போனேன்.

கோயில் வாசலில் பாதிரியாரின் மனைவி நின்றிருந்தாள். ஞானப்பூ அவளைக் கடந்து உள்ளே போய்விட்டாள். துரைசானி காற்றை மோந்து பார்த்து, என்னைத் திரும்பிப் பார்த்தாள். "நிஜப்பூவா?"

"ஆமாம் அம்மா. என் மாமியார் தந்த செடியில் பூத்தது. காலையில் பொய் சொன்னேன்" என்றேன்.

சொல்லிவிட்டேன். ஆனால் தொப்பியைக் கீழே போடவில்லை. முதுகுக்குப் பின்னால் இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தேன்.