உடனே பாடிய ரேடியோ

அவரை எல்லோரும் 'முப்பது' என்றுதான் கூப்பிடுவார்கள். இருபத்தெட்டு வருடம் பேருந்து ஓட்டிய காலத்தில் அந்தப் பெயர் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு, யாரோ கோழி அடைத்து வைத்திருந்த பழைய கார் ஒன்றை வாங்கி, ஆறு வருடம் மாடாய் உழைத்து அதை நிமிர்த்தினார். புது மணமக்களை ஏற்றிப்போகும் வாடகை வண்டியாக்கினார். வேகமுள் முப்பதைத் தாண்டாது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்து அடித்துக் கை ஓய்ந்துபோவார்கள். அவர் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்.

அந்தக் காரோடு வந்த வால்வு ரேடியோவைப் பேச வைத்தது அவரும் அவருடைய மனைவியின் தம்பியும் சேர்ந்துதான். மைத்துனனுக்கு மின்சாதனங்கள் பழுது பார்க்கும் கடை. மூன்று மாதம், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் இரண்டு பேரும் அந்தச் செட்டோடு மல்லுக்கட்டினார்கள். ஒரு வால்வு மட்டும் எங்கேயும் கிடைக்கவில்லை. இரண்டு பேருந்து மாறிப் போய், மூடிக் கிடந்த ஒலிபெருக்கிக் கடையொன்றில் கண்டுபிடித்தார்கள். திரும்பும் வழியெல்லாம் மைத்துனன் அதைக் கைக்குட்டையில் சுற்றி, பிறந்த குழந்தையைப்போல மடியில் வைத்திருந்தான்.

வண்டிக்கு முன்பதிவு பார்ப்பது மகள். ஒருநாள் அவள் சொன்னாள்: "அப்பா, ஏறி உட்கார்ந்ததும் போன்ல இருந்து பாட்டு போடலாமான்னுதான் முதல்ல கேக்கறாங்க. ஒரு புது செட் வாங்கிடலாம்ப்பா."

"புது செட்டுன்னா டேஷ்போர்டை வெட்டணும். அதுக்கு என் கையை வெட்டிக்கறேன்."

அப்போது சாப்பிட்டுக்கொண்டிருந்த மைத்துனன் நிமிர்ந்தான். "எதையும் வெட்ட வேணாம் அத்தான். கட்டைவிரல் அளவுக்கு ப்ளூடூத் போர்டு கிடைக்குது. வால்யூம் குமிழுக்குப் பின்னாடி ரெண்டு ஒயர் குடுத்துட்டா போதும், பாட்டு பழைய செட் வழியாவே வரும். ஒரு வால்வைக்கூடத் தொட மாட்டேன். செட்டை எங்கிட்ட விடுங்க."

அவர் மறுபேச்சு பேசாமல் கழற்றிக் கொடுத்தார். வேறு யார் கேட்டிருந்தாலும் ஆயிரம் கேள்வி கேட்டிருப்பார்.

பன்னிரண்டு நாள் கழித்து மைத்துனனே வந்து மாட்டிவிட்டுப் போனான். மகள் போனைத் தட்ட, காரெங்கும் பாட்டு. வீடே கைதட்டியது. முன்பல் இரண்டும் இல்லாமல் பத்து வருடமாய் வாயை மூடியே சிரித்துவந்த மைத்துனன் அன்று பளிச்சென்று சிரித்தான். பல் கட்டியிருந்தான். "பத்து வயசு குறைஞ்சிட்டடா" என்று அக்காக்காரி பூரித்துப்போனாள்.

மறுநாள் காலை தனியாகக் காரைத் துடைத்தபோது குமிழைத் திருகினார். விரலை எடுக்கும் முன்பே ரேடியோ பேசியது. அவருக்குச் சுருக்கென்றது. வால்வு சூடேறாமல் எப்படிப் பேசும்? அரை நிமிடமாவது ஆகுமே. அணைத்தார், மறுபடி போட்டார். மறுபடியும் உடனே பேசியது.

திருகாணிகளைக் கழற்றி வெளியே இழுத்தார். காலி பிஸ்கட் டப்பாபோல் கனமே இல்லை. முகப்பும் குமிழ்களும் அவருடையவை. உள்ளே தீப்பெட்டி அளவில் ஒரு போர்டு, பசையில் ஒட்டியபடி. மற்றதெல்லாம் வெறும் வெளி.

அப்படியே தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார்.

"உள்ள இருந்ததெல்லாம் எங்கடா?"

மைத்துனன் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். அந்தக் கையைப் பார்த்ததுமே அவருக்குப் பாதி விளங்கிவிட்டது.

"பல் டாக்டர் ஒருத்தர் பழைய கார் ரேடியோ சேர்க்கறாரு அத்தான். அவர்கிட்டயும் இதே செட்டு இருக்கு, ஆனா ஓடலை. பல் கட்டினதுக்குக் காசுக்குப் பதிலா நம்ம செட்டோட உள்பாகத்தைக் கேட்டாரு. சத்தம் முன்னைவிட நல்லாத்தானே வருது? உங்களுக்குத் தெரியவா போகுதுன்னு..."

அதற்கு மேல் அவர் கேட்கவில்லை. டாக்டர் யாரென்று மட்டும் தெரிந்துகொண்டு நேரே அவரிடம் போனார். டாக்டர் மரியாதையாக உட்கார வைத்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் வெளுத்துவிட்டது.

"அந்தக் கார் உங்களோடதா? கார்க்காரர் தன்னோட அத்தான், மாரடைப்புல தவறிட்டாரு, வீட்ல யாருக்கும் அதைப் பாக்கவே மனசு வரலைன்னு சொன்னாரே. நான் ஆறுதல்கூடச் சொன்னேன்."

"அழுதானா?" என்று கேட்டார் முப்பது.

"கண்ணைத் துடைச்சிக்கிட்டாரு."

ரேடியோ போனதைக்கூட அவர் தாங்கியிருப்பார். தனக்காக அவன் பொய்யாய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றதைத்தான் தாங்க முடியவில்லை.

டாக்டர் நல்ல மனிதர். தன் காரில் மாட்டியிருந்ததை அன்றே கழற்றித் தந்தார். தனக்கு ரேடியோ பழுது பார்த்துத் தரும் பெண்மணியையும் வரவழைத்தார். அவள் பழைய உள்பாகத்தைப் பழைய கூட்டுக்குள் பொருத்தி, மைத்துனன் ஒட்டியிருந்த அதே போர்டை வால்யூம் குமிழுக்குப் பின்னால் ஒயர் கொடுத்து இணைத்தாள். போனுக்கும் ரேடியோவுக்கும் மாற்றிக்கொள்ள டேஷ்போர்டுக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச்.

"ரெண்டு மணி நேர வேலை சார். இதுக்குப் போயா செட்டையே காலி பண்ணினாங்க?"

அவர் குமிழைத் திருகி, வால்வு சூடேறும்வரை காத்திருந்தார்.

மைத்துனன் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றான். "தப்புதான் அத்தான். நாலு அறை வேணும்னாலும் அறைஞ்சிடுங்க."

"செத்தவன் எப்படிடா அறைவான்?" என்று கதவைச் சாத்தினார்.

மூன்றாம் நாள் மனைவி சொன்னாள்: "அவன் செஞ்சதுக்கு நான் வக்காலத்து வாங்கலை. ஆனா எனக்குக் கூடப் பொறந்தவன் அவன் ஒருத்தன்தானே."

"உன்னை நான் தடுக்கலையே. நீ போயிட்டு வா."

அவள் போய்வருகிறாள். பேருந்தில் போகிறாள். வண்டிக்கு இப்போது முன்பதிவு நிறைய. மணமக்கள் தங்கள் போனிலிருந்து பாட்டு போட்டுக்கொண்டு பின்சீட்டில் கைகோத்து உட்கார்ந்து வருகிறார்கள். கல்யாண மண்டபத்துக்கு நேர்வழி மைத்துனன் கடை இருக்கும் தெரு. முப்பது அதில் திரும்புவதில்லை. ஆற்றுப்பாலம் வழியாகச் சுற்றிப் போகிறார். பெட்ரோல் வீணாகிறது என்று மகள் முணுமுணுக்கிறாள். அது அவர் காதில் விழாமல் இல்லை.