ஜன்னல் அலுமினியத்தில் ஓர் ஆக்சில்

அலுமினியம் என்றால் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்ற திமிர் எனக்கு உண்டு. வளைகுடாவில் பன்னிரண்டு வருடம் அதைத்தான் அறுத்தேன், துளைத்தேன், பூட்டினேன். இப்போது எட்டு வருடமாகக் குலசேகரத்தில் சொந்தப் பட்டறை. ஜன்னல், கதவு, சமையலறை அலமாரி, எதைக் கேட்டாலும் அலுமினியத்தில் செய்து கொடுப்பேன். கேட்காதவர்களிடமும் செய்யலாமே என்று சொல்லிப் பார்ப்பேன். சர்ச்சுக்குப் புதிய காணிக்கைப் பெட்டி செய்யப் பேச்சு வந்தபோது, "அவருக்க காதுல மட்டும் போட்டுராதிங்க" என்று கமிட்டியில் ஒருவர் சொன்னாராம். அது உண்மையாகத்தான் இருக்கும்.

ஊருக்குத் திரும்பியபோது ரிமோட்டில் ஓடும் ஒரு மான்ஸ்டர் டிரக்கையும் கொண்டுவந்திருந்தேன். வேலையை விட்டுப் போன அறைத்தோழன் ஒருவன் என் தலையில் கட்டியது. முழங்கால் உயரம்கூட இல்லாத வண்டிக்குத் தேங்காய் அளவில் நாலு சக்கரங்கள். இரண்டு நாள் முற்றத்தில் ஓட்டிவிட்டு மச்சில் தூக்கிப் போட்டேன். அது அங்கேயே வருடக்கணக்கில் கிடந்தது.

அதைக் கீழே இறக்கியது என் மனைவி. எங்கள் வீட்டுக்குப் பின்னால் எண்பது ரப்பர் மரம் நிற்கிறது. இருபது வருடம் அவள்தான் பால் வெட்டினாள். பட்டையை நூல் கனத்துக்குச் சீவ வேண்டும். கொஞ்சம் ஆழம் போனால் மரத்துக்குக் காயம், கொஞ்சம் குறைந்தால் பால் வராது. அவள் வெட்டிய மரத்தில் ஒரு காயத்தைக் காட்ட முடியாது. போன வருடம் அவளுடைய வலது மணிக்கட்டில் நரம்பு நெருக்குகிறது என்று சொல்லி, வெட்டுக்குப் போகவே கூடாது என்று டாக்டர் நிறுத்திவிட்டார். மரத்தைக் குத்தகைக்கு விட்டோம். வேறொருவர் வெட்டும் சத்தம் கேட்காமல் இருக்க அவள் டிவியின் ஒலியைக் கூட்டி வைப்பாள். கையை மடியில் வைத்துக்கொண்டு, அது தன் கையா என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அதைப் பார்க்கப் பயமாக இருந்தது.

அப்படி இருந்தவள் ஒருநாள் மச்சைத் துப்புரவாக்கப் போய் டிரக்கோடு இறங்கினாள். ரிமோட்டில் ஆள்காட்டி விரலுக்கு ஒரு விசை, வலது கைக்குத் திருப்ப ஒரு சின்னச் சக்கரம். அதற்கு மணிக்கட்டு பலம் வேண்டாம், அளவு தெரிந்தால் போதும். ஒரே வாரத்தில் துணி துவைக்கிற கல்மேல் வண்டியை ஏற்றி நிறுத்தினாள். நான் முயன்றபோது வண்டி மல்லாந்து விழுந்தது. "பைய பிடியுங்க, மாட்டையா விரட்டுதீங்க?" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அவள் என்னைக் கேலி செய்தாள். எனக்கு வந்த சந்தோஷத்துக்கு அளவே இல்லை.

அருமனைப் பக்கம் பழைய ரப்பர் மரங்களை முறித்துவிட்டு மறுநடவுக்குப் போட்டிருந்த ஒரு சரிவில், ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து பத்துப் பேர் இந்த வண்டிகளோடு கூடுவார்கள். மலைச்சரிவில் படிபடியாக வெட்டிய நாலு தட்டு. அவற்றில் ஏறி, மேலே வெட்டி மிஞ்சி நிற்கும் மரக்குற்றியைச் சுற்றிவிட்டு இறங்க வேண்டும். அவளையும் அங்கே கூட்டிப் போனேன். வந்தவர்களில் அவள் ஒருத்திதான் பெண். முதல் ஞாயிறு, வண்டி மூன்றாம் தட்டில் சாடிக் குதித்து விழுந்ததும் முன் ஆக்சில் உடைந்தது. முன் சக்கரம் இரண்டையும் இணைக்கும் கம்பியைப் பொதிந்திருக்கும் பிளாஸ்டிக் கூடு இரண்டாகப் பிளந்துவிட்டது. எல்லார் வண்டியிலும் அதுதான் முதலில் போகுமாம். அலுமினியத்தில் கிடைக்கும், வாங்கிப் போடுங்கள் என்றார்கள்.

அலுமினியம் என்ற சொல் காதில் விழுந்தால் நான் சும்மா இருப்பேனா? பட்டறையில் ஜன்னல் சட்டத்துக்கு வாங்கிய நீளச் செக்‌ஷனில் ஒரு துண்டை அறுத்து, துளைத்து, ரிவெட் அடித்து, இரண்டு பகலில் ஒரு கூடு செய்துவிட்டேன். கறுப்புப் பெயின்டும் அடித்தேன். நான் செய்தது என்றால் நம்ப மாட்டாள் என்று, கடையில் வாங்கியது என்றே சொல்லிவிட்டேன். ஜெயித்து வந்த பிறகு உண்மையைச் சொல்லிப் பெருமை அடிக்கலாம் என்பது திட்டம்.

அடுத்த ஞாயிறு அதே மூன்றாம் தட்டு. பூப்போலத்தான் இறக்கினாள், நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். ஆனாலும் முன் சக்கரம் இரண்டும் காலை அகட்டிக்கொண்டு படுத்துவிட்டன. என் ஆக்சில் நடுவில் வளைந்திருந்தது. "கம்பெனி அலுமினியமே வளைஞ்சிட்டா? அப்பம் இறக்கினது சரியில்ல" என்று யாரோ சொன்னார்கள். அவள் ரிமோட்டைப் பைக்குள் வைத்தாள். "எனக்க கைதான். டாக்டர் சொன்னது சரி, கை போயாச்சு" என்றாள்.

அந்த இடத்திலேயே நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். பத்து ஆண்கள் நிற்கிறார்கள், அதில் மூன்று பேர் வீட்டு ஜன்னல் நான் செய்தது. குனிந்து வண்டியைத் தூக்கினேன்.

வீட்டுக்கு வந்ததும் வண்டியை அரிசிச் சாக்கில் சுற்றினாள். "யாருக்காவது குடுத்திருங்க" என்றாள். மறுநாள் டிவி சத்தம் பழையபடி கூடியது. நான் பட்டறைக்கு வந்தவர்கள் மேலெல்லாம் எரிந்து விழுந்தேன். அளவு சரியாக இருந்த ஒரு கதவைச் சரியில்லை என்று கழற்றி மறுபடி பூட்டினேன். யார் மேல் கோபம் என்று எனக்குத் தெரியாதா என்ன?

நாலாம் நாள் மத்தியானம் கிழங்கும் மீன் கறியும் வைத்தாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன்.

"ஏட்டி, அந்த ஆக்சில் வாங்கினது இல்ல. நான் செஞ்சது. ஜன்னல் செக்‌ஷன்."

அவள் கறிச்சட்டியைக் கீழே வைத்தாள். திட்டுவாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"அப்பம் நான் சரியாத்தான் இறக்கினேனா?"

"சரியாத்தான் இறக்கின. நான் பாத்தேன்."

"எனக்க கைக்கு ஒண்ணும் இல்லியா?"

"ஒண்ணும் இல்ல மக்கா."

அவள் அழுதாள். வலது கையால்தான் கண்ணைத் துடைத்தாள். பிறகு, "நாலு நாளு சொல்லாம இருந்தியளே, நீங்க மனுசனா?" என்றாள்.

அடுத்த நாள் நாகர்கோவிலுக்கு பஸ் ஏறினோம். இந்த வண்டிகளுக்குச் சாமான் விற்கும் கடை ஒன்று அங்கே உண்டு. வளைந்ததைக் கடைக்காரரிடம் நீட்டினேன். அவர் நகத்தால் பெயின்டைச் சுரண்டிப் பார்த்து, "இது ஜன்னலுக்குள்ளது இல்லியா?" என்றார். என் மனைவி சுவரில் மாட்டியிருந்த டயர்களைக் கவனமாகப் பார்க்க ஆரம்பித்தாள். ஜன்னலுக்குப் போடுவது இளகின ரகம், சொன்ன வடிவத்துக்கு வரும்; ஆக்சிலுக்கு வேண்டியது துத்தநாகம் கலந்து கடினமாக்கிய வேறு ரகம் என்று அவர் விளக்கினார். இருபது வருடம் அறுத்த உலோகத்தைப் பற்றி எனக்குப் பாடம் நடந்தது. கேட்டுக்கொண்டேன்.

மேசையில் மூன்று விதம் எடுத்து வைத்தார். முன்னும் பின்னும், ஆக்சில் நுனியில் சக்கரத்தைப் பிடிக்கும் முட்டி வரை, முழு அலுமினியம் ஒன்று. முன் கூடும் முட்டியும் மட்டும் உள்ளது இன்னொன்று. வெறும் கூடு மற்றொன்று. நான் முழுதையும் என் பக்கம் இழுத்தேன். திருந்துவேன் என்று நினைத்தீர்களா?

"பின்னால உடைஞ்சிச்சா?" என்று அவள் கேட்டாள்.

"இல்ல. ஆனா பலமா இருக்கட்டுமே."

அவள் கண்ணை மூடிக்கொண்டு, முழு செட்டை ஒரு கையிலும் முன் செட்டை இன்னொரு கையிலும் வைத்து எடை பார்த்தாள். "இது ரொம்ப கனம். சாடி விழும்போ அந்த அடி எங்கயாவது போகாண்டாமா? எல்லாம் இரும்பு மாதிரி நின்னா உள்ள இருக்க பல்லுல்லா உடையும்?" கடைக்காரர் என்னைப் பார்த்து, அம்மா சொல்வதுதான் சரி என்றார். முழு செட் போட்டுக் கியர் பல் உதிர்ந்த வண்டிகள் அவரிடம் வாரம் ஒன்று வருமாம்.

வெறும் கூட்டையும் அவள் ஒதுக்கினாள். கூடு நின்றாலும் அடி முட்டிக்குப் போகும், அது பிளாஸ்டிக் என்றாள். நடுவில் இருந்ததை எடுத்தாள். பின்பக்கம் பிளாஸ்டிக்காகவே கிடக்கட்டும், அது கொஞ்சம் வளைந்து கொடுக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். நான் பணத்தை எடுத்தேன்.

வீட்டு முற்றத்தில் அவளே கழற்றினாள், அவளே பூட்டினாள். திருகு கழலாமல் இருக்க ஒரு நீலப் பசை உண்டு. அதை ஒவ்வொரு மரையிலும் ஒரு சொட்டு வைத்தாள். திருகு எடுத்துக் கொடுப்பது மட்டும் என் வேலை.

ஞாயிற்றுக்கிழமை அதே சரிவு. மூன்றாம் தட்டில் கொஞ்சம் வேகம் கூடிப்போய், வண்டி குப்புற அடித்து இரண்டு முறை உருண்டு நின்றது. ஓடிப்போய் நிமிர்த்திப் பார்த்தேன். ஆக்சில் நேராக இருந்தது.

"வண்டிய நான்தான் மறிச்சுக் கவுத்தேன்" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். தப்பை ஒத்துக்கொள்வதில் ஒருத்திக்கு அவ்வளவு சந்தோஷம் வரும் என்று நான் அன்றுதான் கண்டேன். அடுத்த முறை விரலைத் தளர்த்தி, மூன்றாம் தட்டில் ஏற்றி, நாலாவதையும் கடந்து, குற்றியைச் சுற்றி வண்டியைக் கீழே கொண்டுவந்துவிட்டாள். எல்லாரும் கைதட்டினார்கள்.

ஒருவர் என் தோளில் தட்டி, "அண்ணே, ஆக்சில் நீங்க செஞ்சதா? எனக்கும் ஒண்ணு வேணும்" என்றார்.

"நான் செஞ்சது போன வாரம் வளைஞ்சுது. அவ நல்லாத்தான் ஓட்டினா, ஜன்னல் அலுமினியத்துல செஞ்சு கொடுத்து நான் கெடுத்தேன். இது அவ தெரிஞ்செடுத்தது."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காது சூடாகிவிட்டது. அவள் அதற்குள் வண்டியை மறுபடியும் முதல் தட்டில் ஏற்றிக்கொண்டிருந்தாள். அதிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"ஜன்னல் நல்லாச் செய்வாரு. தைரியமா குடுங்க."