பலகை பார்க்கும் கண்

"இங்குட்டு வாங்க தம்பி. இந்தக் கண்ண நான் பொத்திக்கிறேன். அந்த நிலை மேல என்ன உக்காந்திருக்கு?"

நெற்குப்பையில் ஒரு வீட்டுக்கு ஜன்னல் அளவெடுக்கப் போன ஆசைத்தம்பி ஆசாரி, அளவுகோலைக் கீழே வைத்துவிட்டு அந்த வீட்டுப் பையனின் வலது கண்ணை உள்ளங்கையால் மூடியிருக்கிறார்.

"அன்னம்."

கை மாறுகிறது. "எதிர் நிலையில?"

"யாளி. வாயில பந்து வச்சிருக்கு."

ஒரு கண்ணிடம் கேட்டதை மறு கண்ணிடம் கேட்க மாட்டார். பிள்ளைகள் ஞாபகத்தில் இருந்து சொல்லிவிடும்.

பையனின் அம்மா உள்ளே இருந்து வந்தார். "ஏன் ஆசாரி, ஜன்னலுக்கு வந்தீகளா, எம் மகன் கண்ணுக்கு வந்தீகளா?"

"ரெண்டுக்கும்தான் ஆச்சி. ஜன்னலுக்கு மட்டும் கூலி."

அவர் என் சித்தப்பா. ஒல்லி. காதில் சிவப்புப் பென்சில், புருவத்தில் மரத்தூள். எதைக் கண்டாலும் ஒரு கண்ணை மூடிக் கோணல் பார்ப்பார். கல்யாணப் பந்தல் கால், டீக்கடை பெஞ்சு, ஒன்றும் தப்பாது. புதுவயல் பஸ் வந்து நின்றால் ஏறுவதற்கு முன் அதன் பக்கவாட்டைப் பார்த்து, "கோணல்தான். ஆனா போவும்" என்பார். கண்டக்டர்கள் அவரைத் திட்டிக்கொண்டே ஏற்றிக்கொள்வார்கள்.

என் அப்பாவும் ஆசாரிதான். சித்தப்பாவும் அவரும் ஒரே பட்டறை. இழைத்த பலகையைத் தூக்கி, இடது கண்ணை மூடி, வலது கண்ணால் அதன் விளிம்பைப் பார்ப்பார் அப்பா. ஒருநாளும் மாற்றிப் பார்த்ததில்லை. அதைக் கைப்பழக்கம் போல ஒரு பழக்கம் என்றே எல்லோரும் நினைத்தோம். அறுபத்தெட்டு வயதில் வாகை மரச் சிம்பு ஒன்று தெறித்து வலது கண் போயிற்று. இன்னொரு கண் இருக்கிறதே என்றார்கள். அந்தக் கண்ணுக்குப் பலகையின் விளிம்பு தெரியவில்லை. வேலை நின்றது. போன மாசியில் கிணற்றடிப் படியில் கால் தவறி விழுந்தார். பிழைக்கவில்லை.

காரியம் முடிந்த அடுத்த வாரம் சித்தப்பா பட்டறையைத் திறந்தார். அவர் மகள் பொன்னழகுக்கு ஐந்து வயது. அவள் ஒரு துண்டுச் சட்டத்தைத் தூக்கி, அப்பனைப் போலவே இடது கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தக் கண்ண மூடுனது போதும். இந்தக் கண்ண மூடிப் பாரு, ஆத்தா."

"ம்ஹூம். இப்புடிப் பாத்தா கட்டை பஞ்சு மாதிரி இருக்குப்பா."

சித்தப்பா முதலில் சிரித்தார். பிறகு அவரே அவள் வலது கண்ணைப் பொத்தி, ஆணியைக் காட்டினார், தீப்பெட்டியைக் காட்டினார். பட்டறையைப் பூட்டவும் மறந்து, பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். "அண்ணன் கண்ணுப்பா இது" என்றார்.

ஆய்வுக்கூடத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. எதற்கும் காரணம் கேட்பேன். அதனால் மதுரைக் கண் ஆஸ்பத்திரிக்கு நானும் போனேன்.

டாக்டர் சொன்னது இது. பிள்ளையின் இடது கண்ணில் பிறவியிலேயே பவர் அதிகம். அதில் விழும் படம் மங்கல். மூளை தெளிவான படத்தை எடுத்துக்கொண்டு மங்கலானதை ஒதுக்கிவிடுகிறது. ஒதுக்கிய கண் பார்க்கவே கற்றுக்கொள்வதில்லை. மாறுகண் இருந்தாலும் இப்படி ஆகலாம். மாறுகண் இருந்தால் பெற்றவர்கள் கவனிப்பார்கள். இவளுக்கு வெளிப்பார்வைக்கு ஒன்றும் தெரியாது. கண்ணாடி மட்டும் போதாது. நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் மூடி, மங்கல் கண்ணை வேலை வாங்க வேண்டும். ஏழெட்டு வயதுக்குள் செய்தால் பலன் அதிகம். வளர்ந்த பிறகு கடினம்.

"சோம்பேறிக் கண் என்று சொல்வோம்" என்றார் டாக்டர்.

"சோம்பேறின்னு சொல்லாதீக அய்யா. அதுக்கு யாரும் வேலை குடுக்கல" என்றார் சித்தப்பா. பிறகு, "எங்க அண்ணனுக்கும் இதுதானா?" என்று கேட்டார்.

"இருக்கலாம். குடும்பத்தில் வருவது உண்டு. பார்க்காமல் சொல்ல முடியாது."

வீட்டில் சண்டை. சின்னம்மா காளியம்மாள், "நல்ல கண்ண மூடிட்டு நொள்ளக் கண்ணால பாக்கச் சொல்றீகளே, கிறுக்கா ஒங்களுக்கு?" என்று அழுதார். பொன்னழகு நல்ல கண்ணை மூடி ஒட்டிய பிளாஸ்திரியைப் பிய்த்துச் சுவரில் ஒட்டினாள். சித்தப்பா அதட்டவில்லை. கரித்துண்டால் பலகையில் தடித்த கோடு ஒன்று வளைத்து வளைத்துப் போட்டு, "வெரல் கோட்ட விட்டு வெளிய போவாம வந்துட்டா, சவ்வுமிட்டாய்" என்றார். பிளாஸ்திரி இருந்தால்தான் ஆட்டம். மாதங்கள் போகப் போகக் கோடு மெலிந்தது. கரி போய்ச் சிவப்புப் பென்சில் வந்தது. பிறகு பென்சிலையும் சீவிக் கூராக்கினார். தெருப்பிள்ளைகள் நொள்ளைக் கண்ணு என்று கேலி செய்தபோது, அவர்களையும் ஒவ்வொருவராக உட்கார வைத்துக் கண்ணைப் பொத்தினார். ஊரார் பிள்ளைகளின் கண்ணைப் பொத்தும் பழக்கம் அங்கேதான் தொடங்கியது.

போன முறை மதுரையில் டாக்டர் பிள்ளையை எழுத்துப் பலகையில் இன்னும் இரண்டு வரி கீழே இறக்கினார். பார்வை முழுவதும் வரவில்லை, வந்துகொண்டிருக்கிறது என்றார்.

நேற்று பட்டறைக்குப் போனேன். சித்தப்பா அப்பாவின் இழைப்புளியால் நெற்குப்பை ஜன்னலுக்குச் சட்டம் இழைத்துக்கொண்டிருந்தார். முடித்ததும் பலகையை மகளிடம் நீட்டினார். அவள் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடிக்குள் வலது கண்ணை இறுக மூடி, இடது கண்ணால் விளிம்பு நெடுகப் பார்த்தாள்.

"அங்குட்டு நுனியில தூக்கலா இருக்குப்பா."

பழக்கத்தில் சித்தப்பாவின் ஒரு கண் பாதி மூடிவிட்டது. பிறகு அதைத் திறந்தார். பலகையை வாங்கிப் பார்க்காமலே மேடையில் வைத்து, அவள் காட்டிய இடத்தில் இழைப்புளியை ஓட்டினார்.