ஏழாம் எண் கரி

ஆய்வுக்கூட நோட்டில் பொய் எழுதியது நான்தான். ‘நீராவி விட்ட நேரம்: அறுபது நிமிடம்’ என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குக்கூடக் கொஞ்சம் கூச்சம் இருக்கும். எனக்கு அதுவும் இல்லை.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்கு ஆராய்ச்சிக்கு வந்து தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டுக்கொண்டிருந்தேன். ஆக்டிவேட்டட் கார்பன் என்று ஊரில் எல்லாருக்கும் விளக்கிப் பார்த்தேன். “எம்.எஸ்ஸி. படிச்சிட்டு கரியா சுடுதே மக்கா?” என்றார் மாமா. அவர் சொன்னதிலும் தப்பில்லை. சிரட்டையைக் காற்றுப் படாமல் சுட்டால் கரி. அந்தக் கரியை எண்ணூறு டிகிரிக்கு மேல் காய்ச்சி நீராவி விட்டால், ஆவி அதைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துத் தின்று, கண்ணுக்குத் தெரியாத துளைகளைப் போடும். தண்ணீரின் நாற்றமும் சாயமும் அந்தத் துளைகளில்தான் போய் ஒட்டிக்கொள்ளும். நேரம் கூடினால் துளை கூடும், கரி குறையும். அளவு மீறினால் சாம்பல்தான் மிச்சம்.

எனக்கு அடுத்த மேசை அவளுடையது. கோட்டைப் பக்கம் மூன்று தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். பள்ளியில் மலையாளம், வீட்டில் தமிழ். பேசும்போது இரண்டையும் சேர்த்துப் பிசைவாள். எங்கள் உலை பழையது, தானாக அணையாது. நேரம் பார்த்து நிறுத்துவது அவள் வேலை. ஒரு நிமிடம் பிசகமாட்டாள். ‘பஞ்சாங்கம்’ என்று கேலி செய்வேன், முறைப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். வெறுமனே பிடிக்கும் என்றால் அதுவும் நோட்டில் எழுதியதைப் போன்ற பொய்தான். அவள் வராத நாளில் அந்தக் கூடத்தில் எனக்கு ஒரு வேலையும் ஓடாது.

ஏழாவது கரி சுட்ட அன்று மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நல்ல மழை. ஆவியைத் திறந்துவிட்டு, வராந்தாவில் ஆளுக்கொரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்தோம்.

“வீட்டுல ஒரு ஆலோசன வந்திருக்கு” என்றாள். பெண் கேட்டு வருவதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். “ஜெர்மனில ஜோலி. அடுத்த மாசம் நிச்சயம் உறப்பிச்சிருவாங்க போல.”

“நல்ல இடம்தானே?” என்று கேட்டேன். எத்தனையோ மடத்தனங்கள் செய்திருக்கிறேன், இதற்கு எதுவும் பக்கத்தில் வராது.

“கொள்ளாம்” என்றாள். பரவாயில்லை என்று அர்த்தம்.

அதற்குப் பிறகு நான் பேசினேன், பேசினேன், அப்படிப் பேசினேன். ஜெர்மனியின் குளிர், கல்லாற்றுக்கு எல்லாரும் போனபோது என் செருப்பு ஆற்றோடு போனது, சனிக்கிழமை நாகர்கோவில் பஸ்ஸில் சீட் பிடிக்கிற பாடு. சொல்ல வேண்டிய ஒன்றைத் தவிர எல்லாவற்றையும் சொன்னேன். பேச்சு தீர்ந்தபோதெல்லாம் நான் மழையைப் பார்த்துக்கொண்டேன். மழை விட்டபோதுதான் உலை நினைவு வந்து எழுந்து ஓடினேன்.

இருபது கிராம் போட்டால் பதினாலு கிராமாவது மிஞ்சும். அன்று ஒன்பதுகூட இல்லை. எப்போது தொடங்கினோம் என்று நான் குறித்துவைக்கவில்லை. அறுபதுக்கு மேல் ஒரு இருபது நிமிடம் தாண்டியிருக்கும் என்று நினைத்தேன். அவளிடம் கேட்டால் அந்த ஆலோசனைப் பேச்சு மறுபடி வந்துவிடுமோ என்று பயம். வழக்கம்போல் அறுபது என்று எழுதினேன். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள் கரியைப் புட்டியில் போட்டு ‘7’ என்று எழுதி ஒட்டினாள். கரியின் துளைகளை அயோடின் விட்டுத்தான் அளப்போம். மறுநாள் அவள் சோதித்தபோது, அதுவரை நாங்கள் செய்த எந்தக் கரியும் இழுக்காத அளவுக்கு அயோடினை இழுத்தது அந்தக் கரி. எங்கள் வழிகாட்டியான டீச்சருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மூன்றே மாதத்தில் கல்யாணம் முடிந்து அவள் ஜெர்மனிக்குப் போய்விட்டாள். நான் எட்டாவது, ஒன்பதாவது, பத்தாவது என்று அறுபது அறுபது நிமிடமாகச் சுட்டேன். எல்லாம் சாதாரணக் கரி. டீச்சர் நோட்டைப் புரட்டினார்.

“எடோ, ஏழாவது டெஸ்ட் செய்தது அவளல்லே? கைப்பிழை ஆயிருக்கும். அத கணக்கில் சேர்க்காம விட்டுக்களையாம்.”

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் அளக்கிறவளுக்குக் கைப்பிழையாம்.

“டீச்சர், நேரத்தை நான்தான் தப்பா எழுதினேன். அறுபது இல்ல.”

“பின்னே எத்ர?”

“தெரியாது.”

நோட்டை என் பக்கம் தள்ளினார். “எங்கில் போய்க் கண்டுபிடி” என்றார்.

எண்பதில் முடிந்துவிடும் என்று நினைத்தேன். வரவில்லை. தொண்ணூறு, நூறு, நூற்றுப்பத்து. எடையும் சேரவில்லை, அயோடினும் சேரவில்லை. டீச்சர் பொறுமை இழந்துகொண்டிருந்தார். எனக்கோ ஒவ்வொரு பத்து நிமிடம் கூடும்போதும் ஒரு கள்ளச் சந்தோஷம்: இன்னும் பத்து நிமிடம் அவள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்திருக்கிறாள். உலை எரியும் நேரமெல்லாம் வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருப்பேன். தனியாக உட்கார்ந்தால் நூறு நிமிடம் லேசில் போகாது. அவள் வேண்டும் என்று இருந்தது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்.

நூற்று முப்பதில் எல்லாம் பொருந்தியது. இரண்டாம் முறையும் பொருந்தியது. அவளுக்கு வாட்ஸப்பில் எழுதினேன்: ‘ஏழாவது திரும்ப வந்துடுச்சு. நேரம் 130. தப்பு என்னோடது, டீச்சர்கிட்ட சொல்லிட்டேன். உங்க டெஸ்ட் சரிதான்.’

உடனே பதில் வந்தது. ‘130 இல்ல, 128. நீங்க ஜன்னலுக்கு முதுகக் காட்டி இருந்தீங்க. எனக்கு உள்ள இருந்த க்ளாக் நேரா தெரிஞ்சது.’

எத்தனை தடவை அதைப் படித்தேன் என்று தெரியாது. ‘தெரிஞ்சும் ஏன் எழும்பல?’ என்று கேட்டேன்.

இந்தப் பதிலுக்கு நேரம் பிடித்தது. ‘நீங்க வாய் திறந்து ஏதாவது பறைவீங்கன்னு பாத்துட்டு இருந்தேன். அல்லாதே உலைய மறக்க எனக்கென்ன கிறுக்கா?’

எழுதினேன், அழித்தேன். மறுபடி எழுதி மறுபடி அழித்தேன். சொல்ல வேண்டியது இப்போதும் அதே ஒன்றுதான். இனி சொன்னால் அது அவளுக்குச் செய்கிற துரோகம்.

‘சரி, 128னு திருத்திடுறேன்’ என்று அனுப்பினேன்.