நெடியில்லாத மருந்து

என் வாய் சும்மா இருக்காது. பாகூர்ப் பக்கம் எங்கள் வயலுக்கு இந்தப் போகம் நானோ பூச்சிமருந்து வாங்கியதை, நிலம் வைத்திருக்கிறவர்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டேன். கடைக்காரர் சொன்னதை நானே கண்டுபிடித்த மாதிரி ஒப்பித்தேன். கண்ணுக்குத் தெரியாத பொடிப்பொடி உறைக்குள் மருந்து இருக்குமாம். மழையில் சட்டென்று கழுவிப் போகாதாம், கொஞ்சம் கொஞ்சமாகக் கசியுமாம். கொஞ்சம் அடித்தாலே போதுமாம். முக்கியமாக, நெடி கிடையாது. பழைய மருந்து அடித்தால் நாலு வயல் தள்ளி நிற்பவருக்கும் தலை வலிக்கும்.

அந்த நெடிதான் இங்கே எச்சரிக்கை. களையெடுக்க வரும் பெண்கள் வரப்பில் நின்று மோந்து பார்ப்பார்கள். நெடி இருந்தால் இறங்க மாட்டார்கள். இல்லையென்றால் இறங்கி, போகும்போது வளையில் கைவிட்டு நண்டு பிடித்து முந்தானையில் முடிந்துகொள்வார்கள். வயல் யாருடையதானாலும் நண்டு பிடித்தவருக்குத்தான். மருந்தடித்த வயலில் யாரும் இறங்காதிருக்க நான் வேப்பங்கொத்து ஒன்றை அடையாளமாக நட்டு வைப்பேன். இந்த முறை நடவில்லை. நெடியே இல்லாததற்குக் கொத்து எதற்கு என்று விட்டுவிட்டேன். வேலைக்கு வருகிறவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லக்கூடத் தோன்றவில்லை.

அடித்து நாலைந்து நாள் இருக்கும். எங்கள் வயலில் வெகுகாலமாக வேலை செய்கிறவள் தூக்குச்சட்டியில் நண்டுச் சாறு கொண்டுவந்தாள். என் வீட்டுக்காரர் நெஞ்சுச் சளியில் இருமுவதை முந்தின நாள் பார்த்திருக்கிறாள்.

"நம்ம வயலு நண்டுதான் யக்கா. சூடா குடுங்க, சளிய அறுத்துக்கினு போவும்."

அவர் டம்ளரை நீட்டினார். நான் சட்டியை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். அதுவரை யாரையும் ஒன்றும் செய்யாத மருந்து, என் புருஷன் வாய்க்குக் கிட்டே வந்ததும் விஷமாகிவிட்டது.

"இன்னிக்கு அவருக்கு விரதம்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். காலையில்தான் முட்டை தின்றிருந்தார். ஓடு வாசலிலேயே கிடந்தது.

அவள் முகம் சுண்டிப்போயிற்று. "எங்க வூட்டுச் சாறு ஆவாதுன்னா நேரா சொல்லிடுங்க யக்கா. விரதம் இன்னாத்துக்கு?"

இதைச் சொல்ல எனக்கு நாக்குக் கூசுகிறது. அவள் அப்படியே நினைத்துக்கொள்ளட்டும் என்று நின்றேன். சாதி பார்க்கிறவள் என்ற பேர், மருந்தடித்ததைச் சொல்லாதவள் என்ற பேரைவிட எனக்குச் சுலபமாக இருந்தது. சீ!

"குடுங்க, எம் பொண்ணாவது குடிக்கட்டும்" என்று சட்டியை என் கையிலிருந்து வாங்கினாள். "காலைல ஒரு கிண்ணம் குடிச்சிட்டு, இன்னும் இருக்காம்மான்னு கேட்டா."

அவள் மகளுக்கு எட்டாம் மாதம். பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருக்கிறாள்.

"அய்யோ, குடுக்காதடி!" என்று கத்திவிட்டேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

"மோந்து பாத்துட்டுத்தான யக்கா எறங்கினேன்" என்றாள். அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள்.

கடைக்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். நண்டுக்குள் போயிருக்குமா, வயிற்றுப் பிள்ளைக்கு ஏதாவது ஆகுமா என்று கேட்டேன்.

"அளவே கம்மிதானே, ஒண்ணும் ஆவாதுக்கா."

"சேத்துல எத்தினி நாளு இருக்கும்?" என்று அவள் போன் பக்கம் குனிந்து கேட்டாள்.

"அது மண்ணப் பொறுத்துக்கா. எனக்கும் சரியாத் தெரியல. எதுக்கும் ஆஸ்பத்திரில காட்டிடுங்க."

விற்றவருக்கும் தெரியவில்லை, அடித்த எனக்கும் தெரியவில்லை. நானும் கூட வருகிறேன் என்று செருப்பைத் தேடினேன். அவள் வேண்டாம் என்றுவிட்டாள்.

சாற்றைக் கொட்டிவிட்டு ஓடத்தான் வாசலுக்குப் போனாள். சட்டியைச் சாய்க்கப் போனவள் அப்படியே நின்றாள்.

"கீழ ஊத்தினா கோழி கொத்தும். வாய்க்கால்ல ஊத்தினா மீனுக்குப் போவும். எங்க ஊத்தட்டும் யக்கா, நீங்களே சொல்லுங்க."

இங்கேயே வைத்துவிட்டுப் போ என்று நான் சொல்லியிருக்க வேண்டும். அது என் வீட்டில் இருக்க எனக்கு மனம் வரவில்லை. நான் வாயைத் திறக்காததைப் பார்த்துவிட்டு, சட்டியைத் தூக்கிக்கொண்டு மகளிடம் ஓடினாள்.