இடது கால் அத்தையின் பங்கு

எங்கள் செம்பனைத் தோட்டத்து லய வரிசை வீடுகளுக்குக் கரண்டு மாலை ஆறரைக்கு வரும். அந்த ரோபோ கார்ட்டூன் தொலைக்காட்சியில் ஐந்தரைக்கு வரும். இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை. இருந்தும் அந்தக் கார்ட்டூனின் படக் கார்டுகளை எங்கள் லயத்துப் பிள்ளைகள் அளவுக்கு வெறியோடு சேர்த்தவர்கள் கோலசிலாங்கூர் வட்டாரத்திலேயே கிடையாது. பார்க்காத படத்தின் மேல் இத்தனை விசுவாசமா என்று கேட்பீர்கள். பார்த்திருந்தால் இத்தனை இருந்திருக்காது என்பது என் கட்சி.

கார்டுகள் கெரோப்போக் என்னும் இறால் வறுவல் பொட்டலத்துக்குள் வந்தன. பொட்டலம் அசாம் ஜாவா சாலையோரத்துச் சீனர் கடையில் கிடைக்கும். கெரோப்போக்கின் எண்ணெயும் வாசமும் அட்டையில் ஊறி, எங்கள் விண்வெளி வீரர்கள் அத்தனை பேரும் பாசிர் பெனம்பாங் படகுத்துறையில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள் மாதிரி மணப்பார்கள். கார்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு தூங்கினால் பூனை வந்து எழுப்பும்.

முன்பக்கம் படம். பின்பக்கம் ஓர் எண், அதன் கீழே பத்தி பத்தியாக எழுத்து. முழுக்கதையும் அந்த எழுத்தில்தான் இருக்கிறது என்று எங்களுக்கு உறுதி. கடைக்காரத் தவுக்கேயிடம் நீட்டிப் படித்துச் சொல்லச் சொன்னோம். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், கார்டைத் திருப்பினார், மறுபடி திருப்பினார், எதற்கும் இருக்கட்டும் என்று முகர்ந்தும் பார்த்தார்.

"இனி ஜெப்பூன் பூஞா லா. சாயா பூன் தா தாவ்," என்றார். ஜப்பான்காரன் எழுத்தாம், அவருக்கும் தெரியாதாம்.

ஆகவே கதை தெரிந்த ஒருவர் தோட்டத்துக்குத் தேவைப்பட்டார். அந்த ஒருவர் நானாக அமைந்தேன்.

என் தகுதி இதுதான். பள்ளி விடுமுறைக்கு உலு யாமில் இருந்த மாமா வீட்டுக்குப் போயிருந்தேன். அது ஊர் வீடு, பகலெல்லாம் கரண்டு. ஆனால் மாமா பந்து விளையாட்டுப் பைத்தியம். ஆட்டம் முடிந்து அவர் சேனலைத் திருப்பியபோது கார்ட்டூனின் கடைசிப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து வண்டிகள் வானத்தில் பறந்து போய் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே ரோபோவாக நின்றன. பெயர்கள் ஓடின. செய்தி வந்துவிட்டது. தோட்டத்துக்குத் திரும்பி "படம் பாத்தேன்" என்று மட்டும் சொன்னேன். கொஞ்சமா முழுசா என்று யாரும் கேட்கவில்லை. கேட்காத கேள்விக்குப் பதில் சொல்லும் பழக்கம் எனக்கு அன்றும் இல்லை.

என்னிடம் கார்டு அதிகம் கிடையாது. கெரோப்போக் தின்றால் தொண்டை கட்டும் என்பது அப்பாவின் மருத்துவம். மற்றவர்களிடம் கார்டு இருந்தது, கதை இல்லை. எனவே ஓர் ஏற்பாடு உண்டாயிற்று. கதை கேட்க வருகிறவன் தன்னிடம் ரெட்டையாக இருக்கும் கார்டு ஒன்றை எனக்குத் தர வேண்டும். எங்கள் லயத்துத் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், சிமெண்டு மேடையில், எல்லாருடைய கார்டுகளையும் எண் வரிசைப்படி பரப்பி வைத்து நான் கதை சொல்வேன். எண் வரிசை என்பது கதை வரிசை அல்ல, மனிதர்கள் முதலில், வண்டிகள் பிறகு, வில்லன்கள் கடைசியில் என்று கம்பெனிக்காரன் பிரித்து வைத்தது என்பதெல்லாம் எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. வாசகன்தான் பிரதியை உருவாக்குகிறான் என்று இப்போது கூட்டங்களில் மேற்கோளோடு பேசுகிறார்கள். நான் அதை அரைக்கால் சட்டையோடு செய்துகொண்டிருந்தேன்.

முதல் கார்டில் சிவப்பு உடையில் ஒரு வாலிபன். அவன் கதாநாயகன், அதில் சிக்கல் இல்லை. அடுத்து வெள்ளைக் கோட்டும் தாடியுமாக ஒரு பெரியவர். அவர் அப்பா. நடுவில் வண்டிகள், ரோபோக்கள். கடைசியில், ஊதா முகமும் நெற்றியில் இரண்டு கொம்பும் விரற்கடை நகமுமாக ஓர் அம்மாள். ஒரு கார்டில் அவள் கையை நீட்டி எதையோ கேட்கிறாள். இன்னொன்றில் முகத்தைப் பொத்திக்கொண்டிருக்கிறாள். எனக்கு நெஞ்சு இளகியது. அவளையும் தாடிக்காரரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு பேருக்கும் அச்சு அசலாக ஒரே மூக்கு. அந்தக் கார்ட்டூனில் எல்லாருக்கும் ஒரே மூக்குதான், நாய்க்கும்கூட. அதைக் கவனிக்கும் நிதானம் எனக்கு இல்லை. ஒரே மூக்கென்றால் கூடப் பிறந்தவர்கள். அப்பாவின் தங்கை. அப்படியென்றால் நாயகனுக்கு அவள் யார்? அத்தை.

அதற்குப் பிறகு கதை தானாகவே வந்தது. அந்த ரோபோ தாத்தா சம்பாதித்த சொத்து. ஐந்து பாகம். தாத்தா சாகும்போது இடது காலை மகளுக்கு என்று சொல்லிவிட்டுப் போனார். தாடிக்கார அண்ணன் ஏமாற்றிவிட்டார். கல்யாணம் கட்டிப் போன பெண்ணுக்கு எதற்குக் கால் என்று கேட்டுவிட்டார். அந்த வேதனையில் அத்தைக்கு முகம் ஊதாவாகிவிட்டது. கொம்பைப் பற்றிக் கேட்டபோது, அதெல்லாம் நகை என்றேன்.

குழாயடியில் தண்ணீர் பிடிக்க வரும் பெண்கள் முதலில் வாளி நிறையும் வரைக்கும் கேட்டார்கள். பிறகு வாளி நிறைந்து வழிந்தும் கேட்டார்கள். காலையிலிருந்து செம்பனைக்கு உரம் போட்டுவிட்டு வந்தவர்களுக்கு விண்வெளியைப் பற்றிப் பெரிய அக்கறை இல்லை. பாகப்பிரிவினையில் இருந்தது.

"ஒத்தக் கால வச்சிக்கிட்டு அவ என்னாத்த பண்ணுவா?" என்று என் அம்மா ஒருநாள் கேட்டாள்.

"பண்றா பண்ணல, அது அவ இஷ்டம். பங்கு பங்குதான்," என்றார், வேலையாட்களை ஏற்றிப் போகும் தோட்டத்து லோரியை ஓட்டும் லோரிக்கார மாமாவின் மனைவி. அவரை நாங்கள் லோரி அத்தை என்போம். சொந்த அண்ணனோடு அவருக்குப் பேச்சுவார்த்தை இல்லை. எந்தச் சொத்து என்று தெரியாது, ஆனால் ஊதா அத்தையின் வழக்கை அவர் அன்றே எடுத்துக்கொண்டார்.

இப்படி எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் கிராணியின் மகன் சைக்கிளில் வந்தான்.

கிராணி, தோட்டத்து ஆபீசில் எழுத்து வேலை. யாழ்ப்பாணத்துக் குடும்பம். அவர்கள் வீடு தொழிற்சாலை லைனில் இருந்ததால் பகலிலும் கரண்டு உண்டு. கலர் டிவியும் உண்டு. அவன் என் வயதுதான், டவுன் பள்ளியில் படித்தான், ஒவ்வொரு வாரமும் அந்தக் கார்ட்டூனை உட்கார்ந்து பார்த்தான். குழாயடியில் ஒரு காலை ஊன்றி நின்று முழுக் கதையையும் கேட்டுவிட்டு அமைதியாகச் சொன்னான்:

"அது அத்தை இல்லை. அவ கெட்டவ. கொமாண்டர். கிழமைக்குக் கிழமை ஊரை அழிக்க வாறவ."

"நீ எந்தப் படத்தப் பாத்த?" என்றேன்.

"இதேதான்."

"நான் பாத்தது பழைய படம். உனக்கு மொத கதை தெரியாது."

"தாடிக்காரர் அவளுக்கு அண்ணனும் இல்லை. அவர் விஞ்ஞானி."

"விஞ்ஞானிக்குத் தங்கச்சி இருக்கக் கூடாதா?" என்றார் லோரி அத்தை குழாயடியிலிருந்து. பையன் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போய்விட்டான். ஆனால் என் சபையில் விரிசல் விழுந்துவிட்டது. ரெட்டைக் கார்டு கொடுத்த பயல்கள் என்னை ஒருமாதிரி பார்க்க ஆரம்பித்தார்கள்.

"டேய், பொய்யின்னு தெரிஞ்சா குடுத்த கார்டெல்லாம் திருப்பிக் குடுத்துடணும் லா," என்றான் பக்கத்து வீட்டுப் பயல். மற்றவர்கள் தலையாட்டினார்கள். எண்ணெய் வாசத்தோடு என் டின் டப்பாவில் அடுக்கி வைத்திருந்த சொத்து முழுவதும் இப்போது அந்த ஊதா அம்மாளின் உறவு முறையை நம்பி இருந்தது.

அடுத்த ஆபத்து நல்லெண்ணத்தின் உருவத்தில் வந்தது. லோரிக்கார மாமா எங்கோ ஒரு பழைய கறுப்பு வெள்ளை டிவி வாங்கிக்கொண்டு வந்தார். கரண்டுக்குக் காத்திருக்க வேண்டாம், லோரி பேட்டரியைக் கழற்றி டிவியில் மாட்டினால் ஓடும் என்றார். எதைப் பார்ப்பது என்று அவர் கேட்டார். அவர் மனைவி யோசிக்கவே இல்லை.

"நம்ம அத்தை படந்தான்."

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் லோரி வீட்டு வாசலில் லயமே உட்கார்ந்திருந்தது. எனக்கு வயிற்று வலி என்று அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "நீதான விளக்கம் சொல்லணும், நடடா," என்று இழுத்துக்கொண்டு போனாள். கிராணியின் மகன் சைக்கிள் சீட்டிலிருந்து இறங்காமல் வேலியோரம் நின்றான். சிரிக்கவில்லை. சிரிப்பதற்கு நேரம் வரட்டும் என்று வைத்திருந்தான்.

மாமா ஒயரை மாட்டினார். படம் வந்தது. பேசியது இங்கிலீஷ். அந்த வாசலில் அது புரிந்த ஒரே ஆள் வேலியோரம் நின்றான்.

சிம்மாசனத்தில் ஓர் உருவம் கெக்கலி கொட்டிச் சிரித்தது. கறுப்பு வெள்ளையில் ஊதாவெல்லாம் கரியாகிவிட்டது.

"யாருடா இது?"

"அத்தை," என்றேன்.

"ஏன் இப்பிடிச் சிரிக்கிறா?"

"அழுது அழுது அப்பிடி ஆயிருச்சி."

பெண்கள் பக்கம் 'ப்ச்' என்று ஒரு சத்தம். என் உயிர் கொஞ்சம் திரும்பியது. அத்தை கையை நீட்டி ஏதோ முழங்கினாள்.

"என்னா சொல்றா?"

"பங்கக் கேக்குறாங்க."

உடனே அத்தையின் பறக்கும் கப்பலிலிருந்து நெருப்பு இறங்கி, ஒரு பெரிய பட்டணம் மளமளவென்று எரிந்தது. ஜனங்கள் ஓடினார்கள். பாலம் விழுந்தது. வேலியோரம் பார்த்தேன். அவன் உதட்டோரம் லேசாக அசைந்தது.

"நாயமா கேட்டுப் பாத்தா, குடுக்கல. பொறவு கோவம் வராதா?" என்றார் லோரி அத்தை. பட்டணம் அதோடு மன்னிக்கப்பட்டது.

ஐந்து வண்டிகளும் பாட்டோடு வந்து ஒட்டிக்கொள்ளும் கட்டம் வந்தது. "அந்தா, அந்தா, எடது காலு," என்று என் அம்மாவே எழுந்து நின்று விரலை நீட்டினாள். அதுவரை அந்தக் கதையில் அவளுக்கு இத்தனை பிடிப்பு என்று எனக்குத் தெரியாது. ரோபோ இடது காலை ஊன்றி வாளை உருவியது. அத்தையின் கப்பலை நோக்கிப் பாய்ந்தது.

"அட பாவி, அத்தைய வெட்ட வரான் பாரு," என்றார் ஒருவர்.

"அவ காலுலயே நின்னுக்கிட்டு," என்றார் இன்னொருவர்.

அந்த நேரம் பார்த்து பேட்டரி தளர்ந்தது. படம் நான்கு பக்கத்திலிருந்தும் சுருங்க ஆரம்பித்தது. சுற்றிலும் கறுப்பு, நடுவில் படம். வாளை ஓங்கிய ரோபோ சிலேட்டு அளவாயிற்று. பிறகு சரியாக ஒரு கார்டு அளவாயிற்று. இறால் வாசம் ஒன்றுதான் குறை. ஒரு வெடிச்சத்தம் கேட்டது. படம் புள்ளியாகி அணைந்தது.

லோரிக்கார மாமா டிவியின் தலையில் ஒரு தட்டு தட்டினார். பிரயோஜனம் இல்லை.

"டேய், அத்தை செத்துட்டாளா?" என்று அம்மா என்னைக் கேட்டாள்.

எனக்கு எப்படித் தெரியும்? நான் பார்த்திருந்தது கடைசிப் பாட்டு. பக்கத்து வீட்டுப் பயல் என் டின் டப்பா இருக்கும் திசையைப் பார்த்தான். பெண்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் வேலிப்பக்கம் திரும்பினார்கள்.

"தம்பி, நீதான வாரா வாரம் பாக்குற. நீ சொல்லு," என்றார் லோரி அத்தை. "அந்தப் பொம்பளைக்கு என்னா ஆச்சி?"

அவன் வந்ததே இதைச் சொல்வதற்குத்தான். கெட்டவள், கொமாண்டர், பங்குமில்லை காலுமில்லை என்று ஒரே மூச்சில் சொல்லிவிட்டு மிதித்துக்கொண்டு போயிருக்கலாம். ஆனால் இடுப்பில் கை வைத்த ஒரு வரிசைப் பெண்கள், அதில் சில பேருக்குக் கண் கலங்கியிருந்தது, பதிலுக்காக அவனைப் பார்த்தபடி நின்றார்கள். அவன் சைக்கிள் மணியை ஒரு தடவை தேவையில்லாமல் அடித்தான்.

"மாமிக்கு ஒண்டும் ஆகேல்லை," என்றான். "அவ தப்பிட்டா. எப்பவும் தப்பிடுவா. அடுத்த கிழமை திரும்ப வருவா."

யாழ்ப்பாணத்து வீடுகளில் அப்பாவின் தங்கையை மாமி என்பார்கள். கார்ட்டூன் வில்லிகள் ஒவ்வொரு வாரமும் தப்பிப்பதும் உண்மைதான். அவன் ஒரு சொல்கூடப் பொய் சொல்லவில்லை. ஆனால் கொமாண்டர் என்று வந்தவன் மாமி என்று முடித்ததை வாசலில் இருந்த அத்தனை பயல்களும் கேட்டார்கள். பக்கத்து வீட்டுப் பயல் என் டப்பாவை மறந்துவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டான்.

"பங்கு?" என்றார் லோரி அத்தை.

"அது இன்னும் குடுக்கேல்லை."

"குடுக்க மாட்டானுங்க," என்றார் அவர், பாயைச் சுருட்டிக்கொண்டே.

மறுநாள் காலை லோரி கிளம்பவில்லை. வேலைக்குப் போக வேண்டிய பெண்களே பின்னால் நின்று தள்ளினார்கள். வேலை மேற்பார்க்கும் மண்டோர் என்ன கேட்டார், மாமா என்ன சொன்னார் என்று தெரியாது. பேட்டரியை ஊதா அத்தை தின்றுவிட்டாள் என்று தள்ளிக்கொண்டே சொல்லிச் சிரித்தார்களாம். அதற்குப் பிறகு அந்த டிவி கரண்டு வந்தால்தான் ஓடியது. அதாவது கார்ட்டூன் முடிந்த பிறகு. தொழில்முறையில் எனக்கு அது மிகவும் வசதி.

அன்று சாயங்காலம் குழாயடியில் கார்டுகளைப் பரப்பிக்கொண்டிருந்தபோது சைக்கிள் வந்து நின்றது. கிராணியின் மகன் இறங்கி, வேலியில் சைக்கிளைச் சாய்த்து வைத்துவிட்டு, மற்றவர்களோடு சிமெண்டு மேடையில் வந்து உட்கார்ந்தான். சட்டைப்பையிலிருந்து ஒரு கார்டை எடுத்து என் முன்னால் வைத்தான். ரெட்டையாகத்தான் இருக்க வேண்டும், மடிப்பே இல்லாத புதுக் கார்டு.

"எனக்கு ஒரு விஷயம் விளங்கேல்லை," என்றான். "இடது கால் மாமியின்ரை. அப்ப வலது கால் ஆற்றை?"

வலது கால் யாருடையது என்று நான் யோசித்ததே இல்லை. கார்டை எடுத்து முகர்ந்து பார்த்தேன். டப்பாவில் போட்டு மூடினேன். குழாயடியில் வாளிகள் வழிந்துகொண்டிருந்தன.

"அது சின்ன அத்தைக்கு," என்றேன். "அது பெரிய கதை. நல்லா தள்ளி உக்காரு."