தொண்ணூற்றேழாம் கட்டம்

நான் பொய் சொன்னேன். தமிழ் படிக்கத் தெரியாத ஒருத்தியிடம், தமிழில் எழுதியிருந்ததை மாற்றிப் படித்துக் காட்டினேன். எழுதியவளும் நானே!

முகம் சுளிப்பீர்கள். சுளியுங்கள். ஆனால் முழுவதையும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள். அரைகுறைத் தீர்ப்பு எனக்கு வேண்டாம்.

மொரிஷியசில் ஆடை ஆலைகளும் கடற்கரை விடுதிகளும் போட்டி போட்டுக்கொண்டு முளைத்த எண்பதுகள் அவை. சேன் பியேர் ஊரில் ஒரு கோயில் மண்டபத்தில் தமிழ் கற்பிக்க மதுரையிலிருந்து வந்தவள் நான். வேலை ஆசிரியை; உயிர் மட்டும் ஒரு நடிகரிடம். பெயர் எனக்குள்ளேயே இருக்கட்டும். அவருக்கு இங்கும் இருபது ரசிகர்கள் இருந்தார்கள். வீடியோ கேசட் தேயத் தேயப் பார்ப்பார்கள், வசனங்களை ஒப்பிப்பார்கள். தமிழில் ஓர் எழுத்துகூடப் படிக்கத் தெரியாது.

அவர்களுக்காக ஒரு பரமபதம் வரைந்தேன். பாம்புக்குப் பதில் அவரோடு மோதிய வில்லன்கள். ஏணிக்குப் பதில் அவர் ஏறிய குதிரை, ரயில், விமானம். நூறாவது கட்டத்தில் அவருடைய சிரிப்பு. சில கட்டங்களில் படமே இல்லை, வெறும் கட்டளை, அழகான தமிழில். அருமையான வேலை! இன்றும் தயங்காமல் சொல்வேன்.

தேவி ஆடை ஆலையில் தையல் இயந்திரத்தில் வேலை பார்த்தவள். ஆலை அலுவலகத்தில் கெஞ்சிக் கூத்தாடி அந்தப் படத்தை இருபது ஜெராக்ஸ் எடுத்து வந்தது அவள்தான். காய்களுக்கென்று ஆலையில் கழித்த பொத்தான்களையும் அள்ளி வந்தாள். ஞாயிறுதோறும் மண்டபம் அதிர்ந்தது.

அப்போதுதான் அந்த நடிகரே இங்கு மேடை நிகழ்ச்சிக்கு வருவதாகச் செய்தி வந்தது. எங்களில் ஒருவர் மட்டும் மாலை போடலாம். யார்? என்னையும் சேர்த்து எல்லோரும் அடித்துக்கொண்டோம். ஆட்டமே முடிவு செய்யட்டும் என்றார்கள். அதற்கென்றே கட்டளைகளை மாற்றிப் புதிதாக ஒன்று வரைந்தேன். தேவி அதற்கும் ஜெராக்ஸ் எடுத்து வந்தாள்.

கடைசியில் மிஞ்சியது அவளும் நானும். நான் தொண்ணூற்று நான்கில் இருந்தேன். அவள் தாயக்கட்டையை உருட்டித் தொண்ணூற்றேழில் வந்து நின்றாள். அங்கே நான் எழுதியிருந்தது, ‘நேரே நூற்றுக்குப் போ.’

தேவி அதன்மேல் விரலை வைத்தாள். “கி எக்ரிர் லா, மிஸ்?” என்ன எழுதியிருக்கிறது என்று என்னைத்தான் கேட்டாள்... வேறு யாரைக் கேட்பாள்?

“ரெகுமான்சே” என்றேன். முதலிலிருந்து தொடங்கு என்று எனக்குத் தெரிந்த அளவில், இந்தத் தீவின் பேச்சுமொழியான கிரியோலில் சொன்னேன்.

“ஐயோ, மோ லாசான்ஸ்!” தன் அதிர்ஷ்டத்தைத் தானே நொந்துகொண்டு, சிரித்தபடியே பொத்தானை எடுத்து முதல் கட்டத்தில் வைத்தாள். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவருக்கும் ஐயமில்லை. பிறகு எனக்கு ஆறு விழுந்தது.

மாலை போட்டேன். அதைக் கட்டிக் கொடுத்தவள் தேவி. கூட்டத்தில் எல்லோரையும்விடப் பலமாகக் கை தட்டியவளும் அவளே. எனக்குக் கூசியதா? உண்மையைச் சொல்லவா... கூசவில்லை! அந்தக் கணத்தை இன்று திருப்பிக் கேட்டாலும் கொடுக்க மாட்டேன்.

அதோடு நின்றிருந்தால் இதை எழுதியே இருக்க மாட்டேன்.

அடுத்த மாதம், பெரியவர்களுக்கு நான் நடத்திய சனிக்கிழமை வகுப்புக்குத் தேவி வந்தாள். கையில் புது நோட்டு, சீவிய பென்சில். அந்தப் போட்டி ஆட்டத்தின் ஜெராக்ஸைத் தன் வீட்டுக் கதவில் ஒட்டி வைத்திருந்தாளாம். “மோ லே லிர் தூ, மிஸ். மோ மெம்.” எல்லாக் கட்டங்களையும் தானே படிக்க வேண்டுமாம்.

எல்லாவற்றையும்... அந்த ஒன்றையும்!

“இடமில்லை, தேவி” என்றேன். எனக்குப் பின்னால் பன்னிரண்டு பெஞ்சுகள்; உட்கார்ந்திருந்தவர்கள் நான்கு பேர். அவளும் பார்த்தாள். “கோரெக், மிஸ்” என்றாள்; சரி என்று தலையாட்டிவிட்டுப் போனாள். மறுவருடமும் வந்தாள். மறுவருடமும் இடமில்லை. மூன்றாம் வருடம் அவள் வரவில்லை.

நான் கடல் தாண்டி வந்தது எதற்கு? தேடி வந்தவளுக்கு எழுத்தை மறுக்கவா? வகுப்புக்கு ஆள் சேரவில்லை என்று கோயில் கமிட்டியிடம் புலம்பிக்கொண்டே அவளைத் திருப்பி அனுப்பினேனே! ஓய்வு பெற்றபோது, தமிழ் வளர்த்தவள் என்று சொல்லிச் சால்வை போர்த்தினார்கள். நிமிர்ந்து நின்று வாங்கிக்கொண்டேன்.

ஒவ்வொரு காவடித் திருவிழாவிலும் தேவி என் பக்கத்தில் வந்து நிற்கிறாள். தலை நரைத்துவிட்டது. முருகன் பாட்டைப் பிரெஞ்சு எழுத்தில் எழுதிய தாளைக் கண்ணருகே பிடித்துக்கொண்டு பாடுகிறாள். பாதிச் சொற்கள் உருத்தெரியாமல் சிதைகின்றன. பாடி முடித்ததும் என் பக்கம் சாய்ந்து, சரியாகச் சொன்னேனா என்று கேட்கிறாள்.

சரி என்று தலையசைக்கிறேன்.